மூன்றாவது ஓலை

ஏப்ரல் 30, 2012, திங்கள்

கமாலியேல் சார் ஒரு வழியாக என் மூன்றாம் அத்தியாயத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஐந்து வருடமாக அவர் எனக்கு ஆய்வு வழிகாட்டி. வழி காட்டிக்கொண்டேதான் இருக்கிறார், நான்தான் போய்ச் சேர்ந்தபாடில்லை.

"ஆராதனையப் பத்தி முன்னூறு பக்கம் எழுதியிருக்கீங்க லிடியா. ஆராதனைக்கு வாரவங்க ஒருத்தர்கூட இதுல வாயத் தொறக்கலியே" என்றார்.

என் தலைப்பு, புராட்டஸ்டண்டு சபைகளின் ஆராதனையில் அறிவிப்புகள். இதெல்லாம் ஒரு தலைப்பா என்று கேட்காத ஆள் கிடையாது. பிரசங்கத்தை ஆராய்ந்துவிட்டார்கள், கீர்த்தனைகளை ஆராய்ந்துவிட்டார்கள், ஜெபத்தைக்கூட விடவில்லை. அறிவிப்பு மட்டும் அநாதையாகக் கிடந்தது, நான் எடுத்துக்கொண்டேன். பிரசங்கத்தில் தலை தொங்குகிறவர்கள் எல்லாம் அறிவிப்பு என்றதும் நிமிர்ந்து உட்கார்வதை யாரும் எழுதவில்லையே.

சார் சொன்ன யோசனை, வலைப்பூ. "வாரத்துக்கு ஒரு வழக்கத்தப் போடுங்க. உங்க சபையில எப்படின்னு கேளுங்க. மஸ்கட்ல இருக்கவன், பம்பாய்ல இருக்கவன் எல்லாம் ஊர் நெனப்புல பக்கம் பக்கமா எழுதுவான். ஆதாரம் தானா வந்து விழும்."

விடுமுறைதானே, செய்து பார்க்கலாம்.

மே 1, செவ்வாய்

இரண்டு மணி நேரம் மின்சாரம், மூன்று மணி நேரம் இருட்டு. இதற்கு நடுவில் வலைப்பூவுக்குப் பெயர் வைப்பதிலேயே பகல் போய்விட்டது. 'சபையார் கவனத்திற்கு' என்று வைத்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

'என்னைப் பற்றி' என்று ஒரு கட்டம் இருந்தது. கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன், சாலேம்புரத்தில் அண்ணன் வீட்டு மாடியில் இருக்கிறேன், இந்தத் தலைப்பைத் தேர்ந்ததற்குச் சொந்தக் காரணம் எதுவும் இல்லை என்று எழுதினேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் எழுதினேன். அழிக்கப் போகும்போது மின்சாரம் போய்விட்டது.

மே 3, வியாழன்

கீழே கல்யாண வேலை ஆரம்பமாகிவிட்டது. அண்ணன் மகள் ஜெமிமாவுக்கு வருகிற 24-ஆம் தேதி கல்யாணம். டெய்சி மதினிக்கு மின்வெட்டைவிடப் பெரிய எதிரி இப்போது இல்லை. கிரைண்டரில் பாதி அரைந்த உளுந்தோடு நின்று மின்வாரியத்தைச் சபிக்கிறாள். "மைனி, சபிக்கக் கூடாதுன்னு வேதத்துல இருக்கு" என்றேன். "வேதம் எழுதின காலத்துல அம்மிலதான அரைச்சாங்க" என்றாள்.

மாப்பிள்ளை எட்வின் ஞானதுரை, ஞானியார்விளைக்காரர். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். இரண்டு முறை வந்து போனார். மாடிக்கு ஏறி வந்து என் கணினியைக்கூட எட்டிப் பார்த்துவிட்டு, "அத்தை, உங்க வயசுல இவ்வளவு டைப் அடிக்கவங்கள நான் பாத்ததில்ல" என்றார். எனக்கு நாற்பத்து மூன்று வயதுதான். ஆனாலும் பிடித்திருந்தது.

மே 6, ஞாயிறு

ஜெமிமாவின் முதல் கல்யாண ஓலை இன்று கோயிலில் வாசிக்கப்பட்டது. எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஜோயல் ஐயர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஓலை வாசிப்பதற்கென்றே வைத்திருக்கும் அந்தத் தடித்த குரலில் வாசித்தார். ஜெமிமாவின் காது சிவந்துவிட்டது. பின்னால் இருந்த பெண்கள் அவள் முதுகில் கிள்ளினார்கள்.

சாயங்காலம் அவளே மாடிக்கு வந்தாள்.

"அத்தை, பிளாக்ல மொத மொத என்ன போடப் போறீங்க?"

"ஓலையப் பத்திப் போடலாம்னு இருக்கேன்."

"அப்ப என் ஓலையப் போடுங்க. என் பேரு இன்டர்நெட்ல வரட்டும்."

கோயிலில் முந்நூறு பேர் கேட்க வாசித்ததுதானே. ரகசியம் ஒன்றும் இல்லை. ஐயரிடம் வாங்கி அப்படியே எழுதிக்கொண்டேன்.

மே 7, திங்கள்

முதல் பதிவு வெளியானது. வலைப்பூவில் போட்டதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

'கிறிஸ்தவக் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், மாப்பிள்ளை சபையிலும் பெண் சபையிலும் ஓலை வாசிக்க வேண்டும். பனையோலை போய்க் காகிதம் வந்து நூறு வருடத்துக்கு மேல் ஆனாலும் பெயர் ஓலைதான். நேற்று எங்கள் கோயிலில் வாசித்தது இது: ஞானியார்விளை சபையைச் சேர்ந்த திரு. தங்கையா ஞானதுரை அவர்களின் குமாரன் எட்வின் ஞானதுரைக்கும், இந்தச் சபையைச் சேர்ந்த திரு. தியோடர் அவர்களின் குமாரத்தி ஜெமிமாவுக்கும் விவாகம் செய்ய நிச்சயித்திருக்கிறது. இவர்கள் இணைக்கப்படாதபடிக்கு நியாயமான தடை எதுவும் உங்களில் யாருக்காவது தெரிந்திருந்தால் தெரிவிக்க வேண்டும். இது முதலாம் ஓலை.

ஆராதனை முழுவதிலும் சபையைப் பார்த்து உண்மையிலேயே ஒரு கேள்வி கேட்கப்படுவது இந்த ஓர் இடத்தில்தான். பதில் வரக் கூடாது என்று எல்லோரும் வேண்டிக்கொள்ளும் கேள்வி. உங்கள் சபையில் எப்படி?'

கடைசி வரியை எழுதிவிட்டு எனக்கே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

மே 9, புதன்

நாற்பத்தொரு பேர் பார்த்திருக்கிறார்கள். நான்கு கமெண்ட். கமாலியேல் சார் 'நல்ல தொடக்கம்' என்று எழுதியிருக்கிறார். ஒரு பழைய மாணவி குவைத்திலிருந்து, அவள் சபையில் ஓலை வாசிக்கும்போது மாப்பிள்ளை வீட்டார் எழுந்து நிற்பார்கள் என்று எழுதியிருக்கிறாள். இது எனக்குத் தெரியாத செய்தி, அத்தியாயத்தில் சேர்க்க வேண்டும். ஒருவர் எழுத்துப் பிழை திருத்தியிருக்கிறார். நான்காவது பெயரில்லாத குப்பை. அழித்துவிட்டேன்.

மதினியோடு முறுக்கு பிழிந்தேன். கை வலிக்கிறது.

மே 10, வியாழன்

ஜெமிமாவுக்குப் புடவை எடுக்கத் திருநெல்வேலி போனோம். கடையில் ஐந்து மணி நேரம். அவளுக்குச் சந்தன நிறம் பிடித்தது, மதினிக்கு வெள்ளையில் சரிகை பிடித்தது, கடைசியில் இருவருக்கும் பிடிக்காத ஒன்றை எடுத்தோம். சாப்பிடும்போது எட்வின் போன் செய்தார். அவள் எழுந்து கை கழுவும் இடத்துக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். சிரித்துக்கொண்டே வந்தாள்.

"அவருக்கு ஓசூர்ல சிநேகிதங்க யாரும் உண்டா?" என்று கேட்டேன்.

"எதுக்கு அத்தை?"

"பத்திரிகை அனுப்பணும்லா."

"அங்க யாரையும் கூப்பிட வேண்டாம்னுட்டாங்க. வேலையில பொறாமை பிடிச்சவங்களாம்."

மே 11, வெள்ளி

இரண்டு நாளாக ஒரு பக்கமும் எழுத ஓடவில்லை. அந்த நான்காவது கமெண்டை இங்கே எழுதிவிட்டால் மண்டையை விட்டுப் போய்விடும் என்று எழுதுகிறேன். ஞாபகத்திலிருந்து எழுதுவது.

'எட்வின் ஞானதுரை என்று பெயரைத் தேடினேன், இந்தப் பக்கம் வந்தது. ஊரும் அப்பா பெயரும் சரியாக இருக்கிறது. இவருக்கும் எனக்கும் போன வருடம் ஓசூரில் பதிவுத் திருமணம் நடந்தது. நான் ஏழு மாதக் கர்ப்பமாக இருக்கும்போது விட்டுவிட்டுப் போனார். இப்போது கைக்குழந்தை இருக்கிறது. தடை இருந்தால் சொல்லச் சொல்லியிருக்கிறீர்கள். சொல்கிறேன்.'

இவ்வளவுதான் இருந்தது.

மொட்டைக் கடிதம் எழுதுகிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். விவரமாக எழுதுவார்கள். பாவமாக எழுதுவார்கள். படிக்கிறவர்கள் நம்பாமல் இருக்க முடியாதபடி ஆஸ்பத்திரிப் பெயர், வார்டு நம்பர் எல்லாம் போடுவார்கள். ஒரு பெண்ணின் வாழ்க்கையை ஒரு தபால் தலையில் முடித்துவிடலாம் என்று தெரிந்தவர்கள். அழித்தது சரிதான்.

மே 13, ஞாயிறு

இரண்டாம் ஓலை. ஜோயல் ஐயர் வாசித்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

என் ஓலை இரண்டாவதோடு நின்றது. இதை எந்த நோட்டிலும் எழுதியதில்லை என்பது இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது. 1996, ஜூன். மாப்பிள்ளை நாசூக்கான ஆள், தபால் இலாகாவில் வேலை. இரண்டாம் ஓலை வாசித்த பிறகு வந்த புதன்கிழமை, அப்போதிருந்த ஐயருக்கு ஒரு கடிதம் வந்தது. பெண்ணுக்கு வலிப்பு உண்டு, மறைத்துக் கல்யாணம் செய்கிறார்கள் என்று. கீழே பெயர் இல்லை. மூன்றாம் ஞாயிறு ஐயர் எல்லா அறிவிப்பையும் வாசித்தார், என் ஓலையை மட்டும் வாசிக்கவில்லை. நான் புதுப் புடவை கட்டிக்கொண்டு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அடுத்த பாட்டைப் பாடினார்கள், நானும் பாடினேன்.

எனக்கு வலிப்பு கிடையாது. காய்ச்சல்கூட அதிகம் வந்ததில்லை.

மே 14, திங்கள்

காலையில் வலைப்பூவைத் திறந்தால் புதிதாக ஒன்று.

'அழித்துவிட்டீர்கள். சரி. இனி எழுத மாட்டேன்.'

ஒரு வரிதான். மொட்டைக் கடிதக்காரன் இப்படி எழுத மாட்டான். கூடக் கொஞ்சம் சேர்த்துத்தான் எழுதுவான், விடமாட்டான். இது விட்டுவிட்ட ஆள் எழுதியது. உண்மை என்று எனக்குத் தெரிந்துவிட்டது, எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

கீழே பதில் எழுதினேன்: 'தயவுசெய்து மறுபடி எழுதுங்கள். நான் அழித்தது தவறு.'

மே 15, செவ்வாய்

மின்சாரம் வரும்போதெல்லாம் திறந்து பார்த்தேன். பதில் இல்லை. அழித்த கமெண்டை மீட்க வழி இருக்கிறதா என்று தேடினேன். இல்லையாம். 'நிரந்தரமாக நீக்கவா' என்று அன்றைக்கே கேட்டிருந்தது, நான்தான் கோபத்தில் ஆமாம் என்று அமுக்கினேன். கமெண்டுகள் நம் மின்னஞ்சலுக்கும் ஒரு பிரதி வரும்படி செய்துகொள்ளலாமாம். அதுவும் இன்றைக்குத்தான் தெரிந்தது.

பிற்பகல் முழுக்கச் சில நம்பர்களுக்குப் போன் செய்தேன். தர்மபுரியில் ஒரு மெக்கானிக், ஒரு வயதான அம்மா, இரண்டு நம்பர் உபயோகத்தில் இல்லை. அந்த அம்மா நல்லவர், "யாரத் தேடுறே கண்ணு, சொல்லு" என்றார். சொல்லத் தெரியாமல் வைத்துவிட்டேன்.

மே 16, புதன்

அண்ணனிடம் சொன்னேன்.

அவன் பந்தல்காரனோடு பேசி முடிக்கும்வரை காத்திருந்து, மாடிக்குக் கூப்பிட்டு, கணினியில் அந்த ஒரு வரியைக் காட்டினேன். மீதியை வாயால் சொன்னேன். இரண்டு தடவை படித்தான்.

"இதுல என்ன இருக்கு? அழிச்சுட்டீங்க, சரின்னு எழுதியிருக்கான். இது யாரு?"

"தெரியல."

"ஆணா, பொண்ணா?"

"பொண்ணு. எனக்குத் தெரியுது."

"பேரு? ஊரு? போன் நம்பர் ஏதாவது இருக்கா?"

இல்லை என்றேன். அது உண்மைதான், இப்போது என்னிடம் இல்லை.

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். எனக்காக 1996-இல் லீவு போட்டு, கடிதத்தில் எழுதியிருந்த ஆஸ்பத்திரிக்கு நேரில் போய், வார்டு வார்டாக விசாரித்து, அப்படி ஒரு நோயாளியே அங்கு வந்ததில்லை என்று எழுதி வாங்கி வந்தவன் இவன்தான். நான்கு மாதம் அலைந்தான். அதற்குள் தபால்காரருக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டது, அது வேறு விஷயம்.

"லிடியா, ஒனக்கு நடந்ததுக்குப் பெறகு மொட்டக் கடுதாசின்னாலே நான் கையால தொடமாட்டேன். நீயே வந்து இதச் சொல்லுதியா? நீ?" என்றான். திட்டவில்லை. திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

"ஓசூருக்கு ஒரு நட போயிட்டு வாங்கண்ணே."

"பந்தக்கால் நட்டாச்சு. ஆயிரம் பத்திரிகை போயிருக்கு. எந்த வீட்டுக் கதவத் தட்டி, என்னன்னு கேக்க?"



மே 17, வியாழன்

ஜோயல் ஐயரைப் பார்க்கப் போனேன். ஐயரம்மா காபி கொடுத்தார்கள், ஆறிப் போகும்வரை குடிக்கவில்லை. ஐயர் முழுவதையும் கேட்டார். பிறகு எழுந்து போய், சபை நிர்வாகத்தைக் கவனிக்கும் சேகரக் கமிட்டியின் பழைய தீர்மானப் புத்தகத்தை எடுத்து வந்து ஒரு பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார்.

1997, பிப்ரவரி. பெயரும் கையெழுத்தும் இல்லாத எந்தக் கடிதத்தின் பேரிலும் ஓலை நிறுத்தப்படக் கூடாது. முன்மொழிந்தவர் தியோடர், என் அண்ணன்.

ஓலை நின்ற பிறகு சில வருடம் நான் ஊரில் இல்லை, நாகர்கோவிலில் ஹாஸ்டலில் இருந்தேன். இப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அறிவிப்புகளைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதியவளுக்கு, தன் சபையில் தனக்காகப் போட்ட தீர்மானம் தெரியவில்லை. இன்னொரு நாளாக இருந்திருந்தால் அண்ணனை நினைத்து அழுதிருப்பேன்.

"ஒரு வழி இருக்கு. தடைய நீங்க ஒங்க பேர்ல எழுதி, கையெழுத்துப் போட்டுத் தாங்க. ஞாயித்துக்கெழம ஆராதன ஆரம்பிக்குறதுக்கு முன்னால தந்தாப் போதும். நான் ஓலைய நிறுத்திட்டு விசாரிக்கச் சொல்லுதேன்" என்றார்.

"என்ன ஆதாரம்னு கேப்பாங்களே ஐயா."

"கேப்பாங்க. கெடைக்கலன்னா, ஒங்களுக்கும் அண்ணன் குடும்பத்துக்கும் அதோட முடிஞ்சுது. அதயும் நான் சொல்லணும்லா."

ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன்.

மே 18, வெள்ளி

அண்ணன் மதினியிடம் சொல்ல, மதினி அழ, ஜெமிமா கேட்டுவிட்டாள். நேராக மாடிக்கு வந்தாள். போன் கையில் இருந்தது.

"அவங்ககிட்ட கேட்டுட்டேன். கூட வேல பாக்க ஒருத்தன் ப்ரோமோஷன் கெடைக்கலன்னு இப்படியெல்லாம் செய்யுதானாம். சிரிக்காங்க. அத்தை பாவம், நல்லவங்க, அவங்கள ஒண்ணும் சொல்லாதன்னு வேற சொல்லுதாங்க."

"ஜெமி, ரெண்டு வாரம் தள்ளி வச்சா என்ன? அப்பா ஒருதடவ போயி..."

"தள்ளி வச்ச ஓலைய எவன் வந்து மறுபடி வாசிப்பான்? ஒங்களுக்கு வாசிச்சாங்களா?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது போல, கண் கலங்கிவிட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"சொல்லக் கூடாதுன்னுதான் வந்தேன். ஒங்க ஓலை நின்ன மாதிரி என் ஓலையும் நிக்கணும்னு மனசுக்குள்ள எங்கயோ இருக்கு அத்தை. ஒங்களுக்கே தெரியாம இருக்கும்."

படியிறங்கிப் போய்விட்டாள்.

அப்படி இருக்குமோ என்று இரண்டு மணி நேரம் யோசித்தேன். அவள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் முதலில் தூக்கியவள் நான். அப்படி இல்லை. ஆனால் அப்படி இல்லை என்பதை யாரிடம் போய் நிரூபிக்க?

மே 19, சனி

தாளில் எழுதிவிட்டேன். நான்கு வரி. கையெழுத்துப் போடவில்லை. கீழே ஆட்டுக்கல்லைக் கழுவி வைத்திருக்கிறார்கள், மின்சாரத்தை நம்ப முடியாதென்று. வந்திருக்கும் சொந்தக்காரர்கள் யாரும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. எனக்கு மட்டும் காபி மாடிக்கு வந்தது.

வலைப்பூவில் பதில் இல்லை.

மே 20, ஞாயிறு

தாளை வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு போனேன். ஆராதனைக்கு முன் ஐயர் உடை மாற்றும் அறைக்கு வெளியே நின்றேன். அவர் வெளியே வந்தார், என் கையைப் பார்த்தார். தோத்திரம் ஐயா என்றேன். தோத்திரம் அம்மா என்றார். அப்புறம் உள்ளே மணி அடித்துவிட்டது.

அறிவிப்பு வந்தது. அசன விருந்துக்கு விறகு வேண்டும், பெண்கள் ஐக்கியம் மூன்று மணிக்கு, கோயில் வாசலில் யாரோ மூக்குக் கண்ணாடியை விட்டுப் போயிருக்கிறார்கள். பிறகு ஓலை. தடை எதுவும் தெரிந்திருந்தால் தெரிவிக்க வேண்டும் என்று வாசித்துவிட்டு ஐயர் நிறுத்தினார். தாளிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். காத்திருந்தார். இந்த இடத்தில் எந்த ஐயரும் காத்திருந்து நான் பார்த்ததில்லை. முன் வரிசையில் ஒருவர் இருமினார். ஜெமிமா திரும்பி என்னைப் பார்த்தாள்.

எழுந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழவில்லை.

"இது மூன்றாம் ஓலை" என்று முடித்தார்.

மே 24, வியாழன்

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மழை இல்லை.

மே 28, திங்கள்

ஜெமிமா ஓசூருக்குப் புறப்பட்டாள். ரயில் நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்து, "நான் சொன்னதெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க அத்தை" என்றாள். எட்வின் என் கையிலிருந்த பையை வாங்கித் தானே சுமந்தார். நல்ல பையன் மாதிரிதான் இருக்கிறார். நான் நினைத்தது பொய்யாக இருக்க வேண்டும், என் புத்தி கெட்டதாக இருக்க வேண்டும், ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று முழங்காலில் நின்று ஜெபித்தேன். இப்படி ஒரு ஜெபத்தை எந்த அத்தியாயத்தில் சேர்ப்பது?

ஜூன் 6, புதன்

கமாலியேல் சார் போன் செய்தார். ஓலைப் பதிவை யாரோ பகிர்ந்து, இரண்டாயிரம் பேர் பார்த்திருக்கிறார்களாம். முப்பது கமெண்ட். மலேசியாவிலிருந்துகூட. "அடுத்தது எப்ப?" என்று கேட்டார். கல்லூரி திறக்கப் போகிறது, வினாத்தாள் வேலை இருக்கிறது என்றேன்.

முப்பதையும் ஒன்றொன்றாகப் படித்தேன். அவள் இல்லை.

ஜூன் 10, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன்.

ஜூன் 17, ஞாயிறு

ஜெமிமா நேற்றுக் காலை வந்துவிட்டாள். ஒரே ஒரு பை. ஆட்டோவிலிருந்து அவள் இறங்கி நின்ற விதத்திலேயே மதினிக்குத் தெரிந்துவிட்டது, கையிலிருந்த பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டாள். அண்ணன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். இன்றைக்கும் கோயிலுக்கு வரவில்லை.

நடந்தது இது. வியாழக்கிழமை பகலில் ஓசூர் வீட்டுக் கதவை ஒரு பெண் தட்டியிருக்கிறாள். இடுப்பில் குழந்தை. பெயர் மஞ்சுளா. பதிவுத் திருமணச் சான்றிதழை ஒரு பாலித்தீன் உறையில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறாள். சத்தம் போடவில்லையாம். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்திருக்கிறாள். எட்வின் வேலை முடிந்து வந்து, குழந்தையைப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போய்விட்டாராம். இரண்டு நாளாக அவர் போன் அணைந்திருக்கிறது.

பிற்பகலில் ஜெமிமா மாடிக்கு வந்தாள். நான் விடைத்தாள் திருத்துவதுபோல் உட்கார்ந்திருந்தேன். எதிரே கட்டிலில் உட்கார்ந்தாள். முகம் கழுவி, தலை சீவி வந்திருந்தாள்.

"அவ கல்யாணத்துக்கு முன்னாலேயே வரணும்னு பாத்திருக்கா அத்தை. சிசேரியன் ஆன ஒடம்பு, பஸ்ல ஒக்கார முடியல. கூட வர ஆளும் இல்ல. வீட்டுல சேக்கல."

"ம்."

"பிளாக்ல எழுதினேன், என் போன் நம்பரயும் போட்டேன்னு சொன்னா. ரெண்டு நாள் போனக் கையிலயே வச்சிருந்தாளாம். அப்புறம் பாத்தா அழிச்சிருந்தாங்கன்னு சொன்னா." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நம்பர் இருந்துச்சா?"

இந்த நோட்டில்கூட நான் அதை எழுதவில்லை. கடைசி வரியாக இருந்தது. பத்து எண்கள், 'எந்த நேரமும் கூப்பிடலாம்' என்று பக்கத்தில். பிறகு தேடியபோது முதல் ஆறு எண்கள்தான் ஞாபகத்தில் இருந்தன. மீதியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன்.

"இருந்தது" என்றேன்.

"அப்பாட்ட இல்லன்னீங்களே."

"ஆமா."

"ஏன் கூப்பிடல?"

"பொய்னு நெனச்சேன் ஜெமி. எனக்கு வந்தது பொய்தான. அதே மாதிரி இதுவும் பொய்யா இருக்கும், ஒனக்கு அது வரக் கூடாதுன்னு நெனச்சுத்தான் அழிச்சேன். கையெழுத்துப் போடவும் தைரியம் வரல. என்னைய மன்னிச்சுரு."

அவள் அழவில்லை. புடவைத் தலைப்பில் ஒரு நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கோபமே இல்லாத குரலில் கேட்டாள்.

"ஒங்களுக்கு வந்தது பொய்னு எப்படித் தெரிஞ்சுது?"

"அப்பா போயி விசாரிச்சாங்க."

"ஒங்களுக்கு ஒருத்தர் போயி விசாரிச்சாங்க, இல்லியா" என்றாள்.

கீழே மதினி சாப்பிடக் கூப்பிட்டாள், ஜெமிமா எழுந்து போனாள். நானும் சாப்பிடப் போனேன். அண்ணன் அறையைவிட்டு வரவில்லை. எங்கள் மூன்று பேருக்கும் தட்டு வைத்திருந்தது, யாரும் யாரையும் பார்க்காமல் சாப்பிட்டோம்.